ராஸ்ப்பெர்ரி: வெட்டும் முன் தண்டின் வயதைப் பாருங்கள்

கனடா, பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில் வீட்டுத் தோட்டத்துக்கு ராஸ்ப்பெர்ரி மிகவும் ஏற்ற செடி. இடம் பிடித்துவிட்டால் பத்தாண்டுக்கு மேலும் காய்க்கும். ஆனாலும் “புதர் காடாக மண்டுகிறது, பழத்தைத்தான் காணோம்” என்ற புலம்பல் ஓயவில்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் கவாத்து பற்றிய தவறான நம்பிக்கைதான். முதலில் அதைப் பார்ப்போம்.

நம்பிக்கை: குளிர்காலம் வந்தால் எல்லாத் தண்டுகளையும் தரையோடு வெட்ட வேண்டும்.

உண்மை: அது இரகத்தைப் பொறுத்தது. வேர் பல்லாண்டு வாழும். தண்டின் ஆயுளோ இரண்டே ஆண்டு. கோடையில் காய்க்கும் இரகங்களில் முதலாண்டு தண்டு வளர்ந்து நிற்கும். மறு ஆண்டுதான் பூத்துக் காய்க்கும், பிறகு பட்டுப்போகும். மனிடோபா மாகாணத்து மோர்டனில் உருவாகி 1960இல் வெளிவந்த ‘பாய்ன்’ இந்த வகை. இதை மொத்தமாக வெட்டினால் அடுத்த கோடைக்குப் பழமே இருக்காது. காய்த்து ஓய்ந்த தண்டுகளை மட்டும் அடியோடு அகற்ற வேண்டும். அவற்றின் பட்டை வெளிறி உரிந்திருக்கும்; காய்ந்த பழக்காம்புகளும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா வேளாண் ஆய்வு நிலையம் 1969இல் வெளியிட்ட ‘ஹெரிட்டேஜ்’ இதற்கு நேர்மாறு. முதலாண்டுத் தண்டின் நுனியிலேயே இலையுதிர்காலத்தில் காய்த்துவிடும். குளிர்காலக் கடைசியில் இதை முழுவதும் தரையோடு வெட்டலாம். நுனியை மட்டும் வெட்டி அடிப்பகுதியை விட்டுவைத்தால், அதே தண்டு அடுத்த கோடையில் இன்னொரு முறை காய்க்கும்.

நம்பிக்கை: ஒற்றைச் செடி காய்க்காது, ஜோடி வேண்டும்.

உண்மை: ராஸ்ப்பெர்ரி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனால் தேனீ வந்தாக வேண்டும். ஒரு பூவில் ஏராளமான சூலகங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சிறு மணியாகத் திரள, அந்த மணிகள் சேர்ந்ததே பழம். மகரந்தம் சேராத இடங்களில் மணி திரளாது. பழம் கைப்பட்டதும் உதிரும். பூக்கும் பருவத்தில் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள்.

நம்பிக்கை: தக்காளி விளைந்த பாத்தி வளமானது, அங்கேயே ஊன்றலாம்.

உண்மை: தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி, மிளகாய் ஆகியவற்றைத் தாக்கும் வெர்டிசிலியம் வாடல் பூஞ்சை ராஸ்ப்பெர்ரியையும் தாக்கும், மண்ணில் பல ஆண்டுகள் தங்கவும் செய்யும். வேறு இடம் தேடுவதே பாதுகாப்பு.

நம்பிக்கை: தண்ணீர் எவ்வளவு விட்டாலும் தாங்கும்.

உண்மை: ஈரம் வேண்டும், தேக்கம் கூடாது. நீர் தேங்கும் களிமண்ணில் பைட்டோப்தோரா வேரழுகல் புதரையே சாய்த்துவிடும். மேட்டுப்பாத்தி அமைத்து, மக்கிய உரமிட்டு, மூடாக்குப் போட்டு, வாரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குல அளவு நீர் விட்டால் போதும். மழை பெய்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: அரைப்பழமாகப் பறித்து வைத்தால் பழுத்துவிடும்.

உண்மை: வைத்திருந்தால் நிறம் கூடலாம், இனிப்பு கூடாது. நன்கு பழுத்த பழம் லேசாக இழுத்ததும் நடுத்தண்டைச் செடியிலேயே விட்டுவிட்டுக் கழன்று வரும். கழலாத பழத்தை விட்டுவைத்து, ஓரிரு நாள் கழித்துப் பறியுங்கள்.

நம்பிக்கை: சென்னை மொட்டைமாடித் தொட்டியிலும் இதே விளைச்சல் கிடைக்கும்.

உண்மை: சிவப்பு ராஸ்ப்பெர்ரியின் பெரும்பாலான இரகங்கள் சரியாகப் பூக்க, 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும். சென்னையில் அதற்கு வழியில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காட்டோரங்களில் முள்ளும் பழமுமாக நிற்பவை இதே ரூபஸ் பேரினத்தைச் சேர்ந்த வேறு இனங்கள். அவற்றில் ஒன்றான மைசூர் ராஸ்ப்பெர்ரிக்குக் குளிர் அவ்வளவாகத் தேவையில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் அதை வளர்க்கிறார்கள். ஆனால் கலாபகஸ் தீவுகளில் அது கட்டுக்கடங்காத களையாகப் பரவி, அங்குள்ள இயல்தாவரங்களை நசுக்குகிறது. ஆகவே புதிய ஊருக்கு அதைக் கொண்டுபோகும் முன் யோசிக்க வேண்டும்.

கன்று வாங்கும்போது இரகத்தின் பெயரையும், அது கோடையில் காய்ப்பதா இலையுதிர்காலத்தில் காய்ப்பதா என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். பெயர் தெரியாத புதர் ஏற்கெனவே தோட்டத்தில் இருந்தால், ஓராண்டு வெட்டாமல் விட்டு, எந்தத் தண்டு எப்போது காய்க்கிறது என்று பார்த்தபின் கத்தரியை எடுங்கள்.