வயலில் உழைக்கும் கண்ணுக்கு ஏற்ற வில்லை

விதை வாங்கும் முன் நிலம், நீர், பட்டம் ஆகிய மூன்றையும் பார்த்து இரகத்தைத் தேர்ந்தெடுப்பது உழவர் வழக்கம். விலை உயர்ந்த விதை என்பதற்காக மட்டும் அதை எவரும் களர் நிலத்தில் விதைப்பதில்லை. கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள் வைக்கப்படும் செயற்கை வில்லையையும் இம்முறையிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். பயிரில் இரகம் தவறினால் அடுத்த பட்டத்தில் மாற்றிக் கொள்ளலாம். கண்ணில் வைத்த வில்லையோ ஆயுள் முழுதும் அங்கேயே இருப்பதாகும். அதை எடுத்து வேறொன்றை வைப்பது கடினமான மறு அறுவையாகும். ஆகவே அறுவைக்கு முன்பே உங்கள் தொழிலுக்கு எந்தத் தூரத்துப் பார்வை தேவை என்பதை நீங்கள் தெளிவாக அறிந்து, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதற்கு உதவும் செய்திகளைக் காண்போம்.

புரையும் வில்லையும்

நம் கண்ணின் பாவைக்குப் பின்னால் இயற்கையான வில்லை ஒன்று உள்ளது. அது கண்ணாடிபோல் தெளிவாக இருந்து ஒளியை விழித்திரையில் குவிக்கிறது. வயது ஏற ஏற இவ்வில்லை பழுப்பேறி மங்குவதே கண்புரையாகும். நீரிழிவு, புகைபிடித்தல், கண்ணில் பட்ட அடி, ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் பயன்படுத்துதல் ஆகியவை புரையை விரைவில் வரவழைக்கும். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்களும் ஒரு காரணம் ஆதலால், ஆண்டு முழுதும் வெட்டவெளியில் உழைப்போர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

புரையைச் சொட்டு மருந்தால் கரைக்க இயலாது. மங்கிய வில்லையை எடுத்துவிட்டு வேறு வில்லை வைப்பது ஒன்றே வழி. முன்னாளில் புரையை எடுத்த பின் கண்ணுக்குள் எதுவும் வைப்பதில்லை. சோடாப் புட்டிபோல் தடித்த கண்ணாடியையே வாழ்நாள் முழுதும் அணிய வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணைப் புண்ணாக்காமல் இருந்ததைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி என்னும் ஆங்கிலேய மருத்துவர், 1949-இல் லண்டனில் முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். நம் நாட்டில் நெடுங்காலம் இவ்வில்லைகள் வெளிநாட்டிலிருந்தே வந்தன, விலையும் அதிகம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப், 1992-இல் குறைந்த விலையில் வில்லைகளைத் தயாரிக்கத் தொடங்கிய பின், எளியோருக்கும் இவை எட்டின. இன்று அரசு மருத்துவமனைகளிலும், அறநிலைய மருத்துவமனைகள் நடத்தும் முகாம்கள் வழியாகவும் வில்லையுடன் கூடிய அறுவை இலவசமாகவே செய்யப்படுகிறது.

வில்லையின் வகைகள்

1. கெட்டி வில்லையும் மடிப்பு வில்லையும்: கெட்டி வில்லையை உள்ளே செலுத்த ஏறத்தாழ 6 மி.மீ. அளவு திறப்பு வேண்டும். மடிப்பு வில்லைக்கு 3 மி.மீ.-க்கும் குறைவான திறப்பே போதும். சிறிய திறப்பு விரைவில் ஆறும். இரண்டுமே தையலின்றி ஆறக்கூடியவை. சரியான எண்ணில் வைத்தால் இரண்டிலும் பார்வை தெளிவாகவே இருக்கும்.

2. ஒரு தூர வில்லை: பெரும்பாலோருக்கு வைக்கப்படுவது இதுவே. ஒரு குறிப்பிட்ட தூரத்தில் மிகத் தெளிவாகக் காட்டும். வழக்கமாக அதைத் தொலைவுக்கு அமைப்பார்கள். படிப்பதற்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டியிருக்கும்.

3. பல தூர வில்லை: தொலைவு, இடைத் தூரம், கிட்டம் ஆகியவற்றுக்கு ஒளியைப் பங்கிட்டுக் கொடுப்பது. பெரும்பாலும் கண்ணாடி தேவைப்படாது. ஆனால் ஒளியைப் பங்கிடுவதால் மங்கிய வெளிச்சத்தில் பொருளைப் பிரித்தறியும் திறன் சற்றுக் குறையும். இரவில் விளக்கைச் சுற்றி வளையங்கள் தோன்றும்.

4. நீட்டிய தூர வில்லை: தொலைவிலிருந்து இடைத் தூரம் வரை தொடர்ந்து காட்டுவது. பல தூர வில்லையைவிட ஒளி வளையம் பொதுவாகக் குறைவு. பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படலாம்.

5. உருட்சிப் பிழை திருத்தும் வில்லை: கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லாதோருக்கு உரியது. இவ்வில்லை குறித்த கோணத்தில் நிற்க வேண்டும். ஒரு டிகிரி திரும்பினாலும் திருத்தத்தில் நூற்றுக்கு 3 பங்கு போய்விடும்; 30 டிகிரி திரும்பினால் பயனே இல்லை.

இவற்றுள் விலை கூடியது சிறந்தது, விலை குறைந்தது தாழ்ந்தது என்று கொள்ள வேண்டாம். நகையை அடகு வைத்துப் பல தூர வில்லை வைத்துக் கொண்டு, இரவில் வண்டி ஓட்ட இயலாமல் திண்டாடுவதில் பயன் இல்லை.

வேலைத் தூரத்தை அளந்து கொள்ளுங்கள்

வில்லையின் திறன் டயாப்டர் என்ற எண்ணால் குறிக்கப்படும். அறுவைக்கு முன் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் கருவியால் அளந்து இந்த எண்ணைக் கணக்கிடுவார்கள். கண்ணின் நீளம் சுமார் 23 முதல் 24 மி.மீ.; வைக்கப்படும் வில்லை பலருக்கு 20 டயாப்டரை ஒட்டி அமையும். நீள அளவில் 1 மி.மீ. பிழை நேர்ந்தால் கண்ணாடி எண் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று வரை மாறிவிடும். ஆகையால் அளவெடுக்கும்போது கண்ணை அசைக்காமல், சொன்ன புள்ளியையே பார்த்திருப்பது உங்கள் பொறுப்பாகும்.

எந்தத் தூரத்துக்கு அமைப்பது என்பதில்தான் உங்கள் சொல் தேவை. வீட்டிலிருந்து ஓர் அளவு நாடாவை எடுத்துக் கொள்ளுங்கள். வேலை செய்யும் நிலையில் நின்று, கண்ணிலிருந்து வேலைப் பொருள் வரை உள்ள தூரத்தை வேறொருவரைக் கொண்டு அளக்கச் செய்யுங்கள். பொதுவாக இவ்வாறு இருக்கும்:

அ) மருந்துப் புட்டியின் சீட்டைப் படித்தல், விதை பொறுக்குதல், இலையின் அடியில் பூச்சி பார்த்தல்: 35 முதல் 40 செ.மீ.
ஆ) குனிந்து நாற்று நடுதல், களை எடுத்தல், கதிர் அறுத்தல்: 60 முதல் 80 செ.மீ.
இ) வரப்பில் நடக்கையில் காலடியைப் பார்த்தல்: ஒன்றரை முதல் 2 மீட்டர்.
ஈ) உழவு, மாடு மேய்த்தல், மடை பார்த்தல், சாலையில் வண்டி ஓட்டுதல்: 5 மீட்டருக்கு மேல்.

இத்தூரத்தை டயாப்டராக மாற்றும் கணக்கு எளிது. 100-ஐ செ.மீ. தூரத்தால் வகுத்தால் போதும். 40 செ.மீ.-க்கு இரண்டரை, 67 செ.மீ.-க்கு ஒன்றரை, 2 மீட்டருக்கு அரை. தொலைவுக்கு அமைத்த வில்லை உள்ளவர் 40 செ.மீ.-இல் சீட்டைப் படிக்க இரண்டரை எண் கண்ணாடி அணிய வேண்டும். களை எடுக்கும் தூரத்துக்கு ஒன்றரை எண் கண்ணாடியே பொருந்தும்.

உழவர் பலருக்குத் தொலைவுக்கு அமைத்த ஒரு தூர வில்லையே பொருத்தமாகும். வரப்பில் கிடக்கும் பாம்பையும், சாலையில் எதிரே வரும் வண்டியையும் கண்ணாடி இல்லாமல் காண்பதே உயிர் காக்கும் பார்வை. படிக்கும் வேலைக்குக் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக் கொள்ளலாம். மாறாக, பூத்தொடுப்பவர், தையல் வேலை செய்பவர், சிறு வயது முதலே கிட்டப்பார்வை இருந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துப் பழகியவர் ஆகியோர், கிட்டத்துக்கு அமைக்கும்படி கேட்பதும் உண்டு. இதை அளவெடுக்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரு கண்ணைத் தொலைவுக்கும் மறு கண்ணை இடைத் தூரத்துக்கும் அமைக்கும் முறையும் உண்டு. இதில் கண்ணாடித் தேவை குறையும். ஆனால் இரு கண்ணும் சேர்ந்து ஆழத்தை மதிப்பிடும் திறன் சற்றுக் குறையும். தென்னை, பனை ஏறுவோரும் ஏணியில் நின்று காய் பறிப்போரும் இதை ஏற்கும் முன் மருத்துவரிடம் நன்கு கலந்து பேச வேண்டும்.

மேலும் கீழும் இரு எண் கொண்ட கண்ணாடி அணிவோருக்கு ஓர் எச்சரிக்கை. அதன் கீழ்ப்பகுதி 40 செ.மீ.-க்கு உரியது. வரப்பில் நடக்கையில் காலடியை அதன் வழியாகப் பார்த்தால் தரை மங்கலாகித் தடுக்கி விழ நேரும். வயலுக்குப் படிக்கும் எண் இல்லாத கண்ணாடியே ஏற்றது.

இரவும் வெயிலும்

நல்ல வெயிலில் பாவை சுருங்கும். அதனால் ஒரு தூர வில்லையிலும் முன்பின் உள்ள பொருள்கள் ஓரளவு தெளிவாகத் தெரியும். அந்தி மயங்கியதும் பாவை விரிந்து இவ்வசதி குறையும். இரவில் முறைத் தண்ணீர் கட்டுபவர், விடியற்காலையில் பால் எடுத்துச் செல்பவர், சந்தைக்குச் சரக்கு வண்டி ஓட்டுபவர் ஆகியோர் தங்கள் இரவு வேலையை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். இவர்கள் பல தூர வில்லையை ஏற்கும் முன் பலமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்காலத்து வில்லைகள் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கக் கூடியவை. மஞ்சள் நிறம் சேர்த்த வில்லைகள் நீல ஒளியில் ஒரு பகுதியையும் தடுக்கும். ஆயினும் இவை விழித்திரையைக் கூடுதலாகக் காக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. எந்த வில்லையும் கருவிழியையும் இமையையும் வெயிலிலிருந்து காக்காது. அகன்ற விளிம்புள்ள தொப்பியோ தலைப்பாகையோ, புற ஊதாக் கதிர் தடுக்கும் கண்ணாடியோ அவசியம் வேண்டும்.

வெளியில் உழைப்போர் முன்கூட்டிச் சொல்ல வேண்டியவை

வெயில், புழுதி, காற்று ஆகியவற்றால் வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் சதை வளர்வது உழவரிடையே மிகுதி. இது கருவிழியின் வளைவை மாற்றிவிடுவதால் வில்லைக் கணக்கும் தவறும். சதை பெரிதாக இருந்தால் முதலில் அதை நீக்கி, கண் ஆறிய பின் அளவெடுப்பார்கள். இந்தக் காத்திருப்பை வீண் அலைச்சல் என்று எண்ண வேண்டாம்.

நெற்சுணை, கரும்புத் தோகை, முள் ஆகியவை பட்டுக் கருவிழியில் தழும்பு இருப்பவர்க்கும், நீரிழிவால் விழித்திரை கெட்டவர்க்கும், முற்றிய கண் அழுத்த நோய் உள்ளவர்க்கும் பல தூர வில்லை பொதுவாகப் பொருந்தாது. சிறுநீர்த் தடைக்காக டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடும் ஆண்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அம்மருந்து கண் பாவையைத் தளரச் செய்து அறுவையைக் கடினமாக்கும்.

ஏற்ற காலம்

புரை முற்றட்டும் என்று காத்திருப்பது பழைய முறை. முற்றிய புரை கெட்டிப்பட்டு அறுவையைக் கடினமாக்கும்; கண் அழுத்தத்தையும் உண்டாக்கலாம். வேலைக்குப் பார்வை தடையாகும்போதே அறுவை செய்து கொள்ளலாம். கோடையில் கூடாது, மழையில் கூடாது என்ற கட்டுப்பாடும் இன்று இல்லை. எனினும் சுமார் ஒரு மாதம் கடும் வேலை இல்லாத காலமாகப் பார்ப்பது நல்லது. காவிரிப் பாசனப் பகுதியில் தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்த பின், ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் நீர் வந்து குறுவை வேலை தொடங்கும் முன் உள்ள இடைவெளி வசதியானது. மற்றப் பகுதியினர் தத்தம் பயிருக்கு ஏற்ப நாள் குறிக்கலாம்.

இரு கண்ணிலும் புரை இருந்தால் வழக்கமாகச் சில வார இடைவெளியில் தனித்தனியே செய்வார்கள். இடைப்பட்ட நாளில் முதல் கண்ணின் பார்வை எந்தெந்த வேலைக்குப் போதவில்லை என்று கவனித்துச் சொன்னால், இரண்டாம் கண்ணின் எண்ணை அதற்கேற்ப அமைக்க இயலும்.

அறுவைக்குப் பின்

1. சொட்டு மருந்தை மருத்துவர் குறித்த நாள் வரை, பெரும்பாலும் 4 முதல் 6 வாரம், விடாமல் இட வேண்டும். தாய்ப்பால், இலைச்சாறு, எண்ணெய் எதையும் கண்ணில் விடக்கூடாது.
2. மருத்துவர் அனுமதிக்கும் வரை மூட்டை தூக்குதல், மண்வெட்டி வேலை, கதிரடித்தல், மருந்து தெளித்தல், வாய்க்காலிலும் கிணற்றிலும் குளித்தல் கூடாது. பால் கறப்பதும் வேண்டாம். மாட்டின் வால் கண்ணில் அடிக்கக் கூடும்.
3. இரவில் கண் மூடியை அணிந்து உறங்க வேண்டும்.
4. வலி, சிவப்பு, சீழ், பார்வை குறைதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மறுநாள் வரை பொறுப்பது கண்ணையே இழக்கச் செய்யலாம்.
5. சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மீண்டும் மங்கினால், வில்லைக்குப் பின்னுள்ள சவ்வு மங்கியிருக்கலாம். இதை லேசர் ஒளியால் சில நிமிடங்களில் சரி செய்வார்கள். புரை மீண்டும் வந்துவிட்டது என்றோ, மலிவான வில்லை கெட்டுவிட்டது என்றோ அஞ்ச வேண்டாம்.

அளவெடுக்கச் செல்லும் நாளில் ஒரு சீட்டில் நான்கு செய்திகளை எழுதிக் கொண்டு செல்லுங்கள்: அளந்த வேலைத் தூரங்கள், இரவில் செய்யும் வேலை, கண்ணில் முன்பு பட்ட அடி, இப்போது சாப்பிடும் மருந்துகள். கண்ணை அளப்பது கருவியின் வேலை. உங்கள் வேலையை அளந்து சொல்ல உங்களைத் தவிர வேறு எவராலும் இயலாது. இச்சீட்டைக் கண்ட பின் மருத்துவர் கூறும் வில்லையே உங்களுக்கு ஏற்றதாகும்.