மக்ரூன் போக மிஞ்சிய மஞ்சள் கரு

கேள்வி: தூத்துக்குடி மக்ரூனை வீட்டில் செய்தால் மிஞ்சும் முட்டையின் மஞ்சள் கருவை என்ன செய்யலாம்?

பதில்: வெள்ளைக் கரு, சர்க்கரை, பொடித்த முந்திரி ஆகிய மூன்றால் ஆன மக்ரூனில் மஞ்சள் கருவுக்கு இடமில்லை, அதன் கொழுப்பு சிறிது கலந்தாலும் வெள்ளைக் கருவின் புரதம் காற்றைப் பிடித்து நன்றாக நுரைப்பது தடைபடும். முத்துக்குளித்துறைக்கு 16ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துகீசியரோடு இந்த இனிப்பைத் தொடர்புபடுத்துவது வழக்கம். அவர்கள் நாட்டிலோ நிலைமை தலைகீழ், கன்னியர் மடங்களின் பெயர்பெற்ற இனிப்புகள் பலவும் மஞ்சள் கருவால் ஆனவை.

உடையாத கருக்கள் மூழ்கும்படி குளிர்ந்த நீர் ஊற்றி, மூடி, குளிர்பெட்டியில் வைத்தால் மேலே தோல் படியாது. இரண்டு நாளுக்குள் அவற்றைத் தீர்த்துவிட வேண்டும். அப்படியே உறைய வைத்தால் கரு பசைபோல் இறுகிப் பின்பு இளகாது என்பதால், நான்கு கருவுக்கு அரைக்கால் தேக்கரண்டி உப்போ ஒன்றரைத் தேக்கரண்டி சர்க்கரையோ கலந்தபின் உறைய வைப்பது முறை.

சர்க்கரை கலந்ததைப் பாலில் கரைத்து, கொதிக்கவிடாமல் சிறுதீயில் கிளறினால் கஸ்டர்டாகக் கெட்டிப்படும், கொதித்தால் திரிந்துவிடும். ஆயினும் கடற்கரை வீட்டுச் சமையலுக்கு இன்னும் பொருத்தமானது பொடிமாஸ்தான். சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் வதக்கி, மீன் குழம்புக்கு அரைத்து மிஞ்சிய மசாலாவைப் பச்சை வாடை போகும்வரை சுருள விட்டு, அதன்பிறகே கருவைச் சேர்க்க வேண்டும். தேங்காய் சேர்த்து அரைத்த மசாலா வெளியில் வைத்தால் விரைவில் புளித்துவிடும். ஆகவே மிஞ்சியதை உடனே குளிர்பெட்டியில் வைத்திருந்தால் மட்டுமே இதற்கு எடுக்கலாம்.