கல்லாவில் அமர்வோரும் கல்லடைப்பும்: ஆளுக்கு ஏற்ற உணவே காப்பு

சரக்கு வரத்து, விலை நிலவரம், வரி ஆகியவற்றைப் பற்றியே இந்தப் பக்கங்களில் நாம் அதிகம் பேசி வருகிறோம். இம்முறை நம் தொழிலோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு நோயைப் பற்றிப் பாடமாகவே படித்துக்கொள்வோம். அது சிறுநீரகக் கல். நம் பெரியவர்கள் கல்லடைப்பு என்று சொன்னது இதைத்தான்.

கள்ளக்குறிச்சியிலோ, சங்கராபுரத்திலோ, சின்னசேலத்திலோ எந்தக் கடைத்தெருவில் விசாரித்தாலும் இந்த வலியால் துடித்த ஒருவரையாவது காட்டுவார்கள். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. காலையில் கடை திறந்தால் இரவுதான் மூடுகிறோம். தகரக் கூரை போட்ட கிடங்கில் வியர்த்துக் கொட்டுகிறது. தண்ணீர் குடித்தால் வெளியே போக வேண்டும். கல்லாவை யாரிடம் விட்டுப் போவது, போனாலும் எங்கே போவது என்று எண்ணித் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறோம். குடிப்பது குறைவு, வியர்வையில் போவது அதிகம். மீதி இருக்கும் கொஞ்சம் சிறுநீர் அடர்ந்துபோகிறது. கல்லுக்கு அதுவே அஸ்திவாரம்.

கற்கண்டு கட்டும் கதை

கல் எப்படி உருவாகிறது என்பதை மளிகைக் கடைக்காரருக்கு விளக்குவது எளிது. சர்க்கரைப் பாகை நன்றாகச் சுண்டக் காய்ச்சி, அதில் நூலைக் கட்டி ஆறவிட்டால் நூலைச் சுற்றிக் கற்கண்டு கட்டுகிறது. பாகில் தண்ணீர் அதிகமாக இருந்தால் கற்கண்டு கட்டாது. நம் மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாறு சர்க்கரையாவதும் இதே முறையில்தான். சாறு சுண்டிய பிறகே சர்க்கரை மணி பிடிக்கும்.

சிறுநீரிலும் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் முதலிய உப்புகள் கரைந்திருக்கின்றன. தண்ணீர் போதிய அளவு இருந்தால் அவை கரைந்தபடியே வெளியேறிவிடும். தண்ணீர் குறைந்தால் மணி மணியாகப் படிந்து, நாளடைவில் கல்லாகும்.

பலகாரக் கடையில் பாகு பூத்துவிடாமல் இருக்க எலுமிச்சம்பழம் பிழிவார்கள் அல்லவா? சிறுநீரிலும் எலுமிச்சை ஒரு நன்மை செய்கிறது. இரண்டுக்கும் காரணம் வேறு என்றாலும் பலன் ஒன்று போலவே இருக்கிறது. எலுமிச்சையில் உள்ள சிட்ரேட் கால்சியத்தோடு சேர்ந்துகொண்டு, அது ஆக்சலேட்டோடு கூடிக் கல்லாவதைத் தடுக்கிறது.

கல் எல்லாம் ஒரே கல் அல்ல

அரிசி என்றால் பொன்னியும் உண்டு, இட்லி அரிசியும் உண்டு. கல்லிலும் அப்படியே பல ரகம். பெரும்பாலோருக்கு வருவது கால்சியம் ஆக்சலேட் கல். சிலருக்குக் கால்சியம் பாஸ்பேட் கல். சர்க்கரை நோய், உடல் பருமன், மாமிச உணவு மிகுதி உள்ளவர்களுக்கு யூரிக் அமிலக் கல் வரக்கூடும். சிறுநீர்ப் பாதையில் அடிக்கடி கிருமி தாக்கினால் வருவது இன்னொரு வகை. இது பெண்களுக்கு அதிகம். பரம்பரையாக வரும் சிஸ்டின் கல்லும் அபூர்வமாக உண்டு.

ஒருவருக்குச் சொன்ன பத்தியம் மற்றவருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். நமக்குத் தெரிந்த ஒரு நவதானிய வியாபாரி முதல் கல் வெளியேறியதும், பக்கத்துக் கடைக்காரர் சொன்னதைக் கேட்டுப் பால், தயிர், தக்காளி மூன்றையும் அறவே விட்டார். தினசரி கறியையும் மீனையும் விடவில்லை, தண்ணீரையும் கூட்டவில்லை. மூன்றாம் ஆண்டில் மீண்டும் கல் வந்தது. இம்முறை கல்லைச் சோதித்துப் பார்த்ததில் அது யூரிக் அமிலக் கல் என்று தெரிந்தது. அவர் விட்ட மூன்றுக்கும் அந்தக் கல்லுக்கும் சம்பந்தமே இல்லை. விடாத ஒன்றுதான் பகையாக இருந்தது.

ஆகவே கல் வெளியேறும் சமயத்தில் சிறுநீரை மெல்லிய துணியிலோ, தனியாக வைத்த டீ வடிகட்டியிலோ வடித்து, கல்லை எடுத்து மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். திரும்பத் திரும்பக் கல் வருபவர்கள் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துச் சோதித்துக்கொள்வது நல்லது. எந்த உப்பு மிகுதி, எது குறைவு என்று அதில் தெரியும். ஸ்டாக் எடுக்காமல் சரக்கு வாங்குவோமா?

பாலை விட வேண்டுமா?

கல் கால்சியத்தால் ஆனது என்பதால் பாலையும் தயிரையும் நிறுத்தும் வழக்கம் பரவலாக இருக்கிறது. முன்பு மருத்துவர்களே அப்படிச் சொன்ன காலம் உண்டு. 1993-இல் அமெரிக்காவில் 45,000-க்கும் மேற்பட்ட ஆண்களைக் கவனித்த ஆய்வு வெளிவந்தது. உணவில் கால்சியம் அதிகம் சேர்த்தவர்களுக்குக் கல் வருவது குறைவாக இருந்தது. பிறகு இத்தாலியில் பார்மா நகர மருத்துவர்கள், சிறுநீரில் கால்சியம் மிகுந்து அடிக்கடி கல் வந்த 120 ஆண்களை இரண்டு பிரிவாக்கி ஐந்தாண்டு கவனித்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது. கால்சியத்தை வழக்கமான அளவில் வைத்துக்கொண்டு, உப்பையும் மாமிசத்தையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கே வந்தது.

இதன் சூட்சுமம் குடலில் இருக்கிறது. சாப்பாட்டோடு வரும் கால்சியம், சாப்பாட்டில் உள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடுகிறது. பாலை நிறுத்தினால் ஆக்சலேட் தடையின்றி இரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்துக்கு வந்து சேர்கிறது. எனவே மோரும் தயிரும் சாப்பாட்டோடு சேரட்டும். நாம் மூட்டை மூட்டையாக விற்கும் கேழ்வரகிலும் 100 கிராமுக்கு சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கால்சியம் மாத்திரை வேறு விஷயம்; மருத்துவர் சொல்லாமல் அதை எடுக்கக் கூடாது.

நாம் விற்கும் சரக்கும் நம் கல்லும்

உப்பு: கல் வருவோருக்கு முதல் எதிரி. சோடியம் சிறுநீரில் வெளியேறும்போது கால்சியத்தையும் கையோடு இழுத்துக்கொண்டு போகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது மொத்தமாக ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, மிக்சர் எல்லாவற்றிலும் உள்ள உப்பு இந்தக் கணக்கில் சேரும். கடையில் உட்கார்ந்தபடி மிக்சர் பாக்கெட்டைப் பிரிக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

கீரை, பருப்பு வகை: பசலை, பாலக், தண்டுக்கீரை ஆகியவற்றிலும் முந்திரி, பாதாம், நிலக்கடலை ஆகியவற்றிலும் ஆக்சலேட் மிகுதி. ஆக்சலேட் கல் உள்ளவர்கள் அளவோடு நிறுத்த வேண்டும். கீரையை வேகவைத்த நீரை இறுத்துவிட்டால் ஆக்சலேட்டில் ஒரு பகுதி அதோடு போகும். மற்றவர்கள் கீரையைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

தக்காளி: விதை கல்லாகும் என்பது வீண் பயம். தக்காளியில் ஆக்சலேட் குறைவே.

மாமிசம்: யூரிக் அமிலக் கல் உள்ளவர்கள் ஈரல், குடல் போன்றவற்றைத் தவிர்த்து, கறியையும் மீனையும் வெகுவாகக் குறைக்க வேண்டும். இந்தக் கல்லை மருத்துவர் தரும் மருந்தால் கரைக்கவும் முடியும்.

குளிர்பானம்: சர்க்கரை சேர்த்த கோலா வகைகள் கல்லுக்குத் துணை போகின்றன. தாகத்துக்கு மோரும், சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறும் போதும். உப்பை மட்டும் அள்ளிப் போட வேண்டாம்.

பீர்: பீர் குடித்தால் கல் கரையும் என்று சொல்பவர்கள் உண்டு. கரையாது, யூரிக் அமிலம்தான் கூடும்.

வாழைத்தண்டு, சிறுபீளை, நெருஞ்சில்: நம் முன்னோர் கைக்கொண்டவை. வாழைத்தண்டைத் தாராளமாகச் சமைத்துச் சாப்பிடலாம். மூலிகைக் கஷாயங்களைத் தகுந்த சித்த மருத்துவர் சொல்லும் அளவில் எடுப்பதே முறை. கஷாயத்தை நம்பி ஸ்கேன் எடுக்காமல் இருந்துவிடக் கூடாது. வலி நின்றுவிட்டாலும் கல் குழாயை அடைத்தபடியே இருந்து, ஓசையில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுவதுண்டு.

தண்ணீர்க் கணக்கு

எல்லா வகைக் கல்லுக்கும் பொதுவான மருந்து தண்ணீர். அதே பார்மா மருத்துவர்கள் 1996-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், முதல் கல் வந்த 199 பேரில் பாதிப் பேரை நிறையத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். ஐந்தாண்டில் அவர்களில் 12 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் மீண்டும் கல் வந்தது.

எத்தனை லிட்டர் குடிப்பது என்பதைவிட எவ்வளவு வெளியேறுகிறது என்பதே கணக்கு. ஒரு நாளைக்கு 2 முதல் 2½ லிட்டர் சிறுநீர் போக வேண்டும். மின்விசிறியின் கீழ் கல்லாவில் இருப்பவருக்கு 3 லிட்டர் தண்ணீர் போதலாம். மூட்டை தூக்குபவருக்கும், வெள்ளிமலை, கரியாலூர் வரை கல்வராயன் மலை ஏறி இறங்கும் லாரித் தொழிலாளிக்கும் அது போதாது. சிறுநீர் இளமஞ்சளாகத் தெளிந்து போனால் சரி. அடர் மஞ்சளாகப் போனால் இருப்பு குறைந்துவிட்டது என்று பொருள். படுக்கும் முன் ஒரு டம்ளர் அவசியம், ஏனெனில் இரவில்தான் சிறுநீர் மிகவும் அடர்கிறது.

போர் தண்ணீர் உப்பாக இருப்பதால்தான் கல் வருகிறது என்று சிலர் குறைவாகக் குடிக்கிறார்கள். அது தவறு. தண்ணீரின் கடினத்தைவிடக் குடிக்கும் அளவே முக்கியம். இருதய பலவீனம், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே தண்ணீரைக் கூட்ட வேண்டும்.

தாமதம் கூடாத நேரம்

5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். ஆனால் வலியோடு குளிர் காய்ச்சல், சிறுநீர் அடைபட்டுப் போதல், ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கடையைச் சாத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு வலி ஒன்றே போதுமான எச்சரிக்கை. நம் ஊரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு, எல்லாவற்றுக்கும் வெளியூர் ஓட வேண்டும் என்ற சாக்கும் நமக்கு இல்லை.

கடைதோறும் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு கடையிலும் மூடியிட்ட குடிநீர், முதலாளி முதல் சுமை தூக்குபவர் வரை அனைவர் கைக்கும் எட்டும்படி இருக்க வேண்டும்.

2. கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் சட்டத் திருத்தம் செய்தது. இருக்கை தந்த நாம், சிறுநீர் கழிக்கவும் நேரம் தர வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் ஐந்து நிமிடம் கல்லாவைப் பார்த்துக்கொள்வது பெரிய உதவி.

3. கடைத்தெருவில் கழிப்பிடம் இல்லாததால் காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் பணியாளர்கள் எத்தனையோ பேர். ஒரு வரிசைக் கடைகள் சேர்ந்தால் ஒரு சுத்தமான கழிப்பிடத்தைப் பராமரிக்க முடியும். சங்கம் இதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

4. ஒரு முறை கல் வந்தவர், கல்லின் வகை, ஸ்கேன் எடுத்த தேதி, மருத்துவர் சொன்ன பத்தியம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்தாண்டுக்குள் மீண்டும் வரும் நோய் இது.

வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் என்ன சரக்கு ஒத்துவரும் என்று முகம் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் நாம். நம் உடம்புக்கு எது ஒத்துவரும் என்பதையும் சோதித்துத் தெரிந்துகொள்வோம். இதைப் படித்து முடித்த கையோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். கடைப் பையனுக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள்.