கல்லூரியின் இணையவாயிலும் மாணாக்கரும்

கல்லூரி என்பது கல்லாலும் மரத்தாலும் இயன்ற கட்டடம் மாத்திரமன்று. கற்பிப்பாரும் கற்பாரும் ஒருவரையொருவர் சென்றடையும் வழிகள் யாவும் கூடியதே கல்லூரியாம். முற்காலத்தில் அவ்வழி வாயில் கடந்து உட்செல்லுதல் ஒன்றே. இக்காலத்திலோ இணையவாயில் என்னும் மற்றொரு வாயிலும் அமைந்துள்ளது. விண்ணப்பம், கட்டணம், வருகைப்பதிவு, தேர்வு நுழைவுச்சீட்டு, மதிப்பெண் ஆகியவை பலவும் இன்று அதன்வழியே நடைபெறுகின்றன. அது மாணாக்கர்க்கு எவ்வாறு பயன்படுகின்றது, எவ்விடத்துப் பயன்படாது ஒழிகின்றது என்பவற்றைத் தென்சென்னையில் யாம் அறிந்த மூன்று சான்றுகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, சேர்க்கை. பொறியியல் கற்க விழைவோர் முன்னாளில் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்திற்குக் கலந்தாய்வின்பொருட்டு நேரில் வருதல் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்து மாணவரும் அவர்தம் பெற்றோரும் இரவெல்லாம் பயணம் செய்து வந்து, மண்டபத்தில் காத்திருந்து, முறை வந்தபொழுது சில நிமிடங்களுக்குள் ஒரு கல்லூரியைத் தெரிந்துகொள்வர். 2018ஆம் ஆண்டில் பொதுப்பிரிவுக் கலந்தாய்வு இணையவழியாயிற்று. மாணவர் தம் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவுசெய்ய, தரவரிசைக்கேற்ப இடம் ஒதுக்கப்படும். அதனை ஏற்றுக்கொண்டதாக அவர் உறுதிசெய்தல் வேண்டும். பயணச்செலவு ஒழிந்தது, வீட்டிலிருந்து ஆராய்ந்து தெரிதற்கு அவகாசமும் கிடைத்தது. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. அவ்வாண்டில் வாயிலைத் திறந்தவர்கள் அதனோடு நில்லாது, மாநிலமெங்கும் 42 உதவி மையங்களையும் அமைத்தனர். சான்றிதழ் சரிபார்த்தலும், கணினி இல்லாதார்க்கு விண்ணப்பிக்கத் துணைசெய்தலும் ஆங்கே நடைபெற்றன.

இரண்டாவது, கற்பித்தல். அடையாற்றை அடுத்து 1959இல் நிறுவப்பெற்ற சென்னை ஐ.ஐ.டி., ஏனைய ஐ.ஐ.டி.களோடும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தோடும் கூடி, 2003இல் என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. நுழைவுத்தேர்வில் வென்றார் சிலரே கேட்டுவந்த விரிவுரைகளை இதனால் எவரும் கேட்கலாயினர். 2014 முதல் இதன்வழிச் சான்றிதழும் பெறலாம். 2017இல் நடுவணரசின் ஸ்வயம் தளம் தோன்றிற்று. 2020இல் அவ்வைஐடியே இணையவழிப் பட்டப்படிப்பையும் தொடங்கிற்று. ஈண்டும் ஒன்று நோக்குக. சான்றிதழுக்குரிய தேர்வை மாணவர் குறித்த மையத்திற்கு நேரிற் சென்றே எழுதுகின்றனர். பல கல்லூரிகளில் இத்திட்டத்தின் கிளைகள் உள. அவற்றில் ஆசிரியர் வழிகாட்டியராக நின்று, மாணவர் இடையிலே சோர்ந்து விடாதபடி துணைபுரிகின்றனர்.

மூன்றாவது, நூலகம். தமிழைச் சிறப்புப்பாடமாகப் பயிலும் எம்போலியர்க்கு இதுவே பெரும்பேறு. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயரோடு தோன்றி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனம் கோட்டூர்புரத்தில் உள்ளது. சங்க நூல்கள், உரைகள், அகராதிகள், நிகண்டுகள் பலவற்றை அது விலையின்றி வழங்குகின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை எம்மில் எவர் விலைகொடுத்து வாங்கவல்லார்? திருமயிலையில் ஒரு சிற்றறையில் இருந்தவாறே அதில் ஒரு சொல்லை இன்று நொடியில் தேடலாம். இவ்வாயில் தமிழிலேயே பேசுகின்றது என்பதும் மறத்தற்பாலதன்று. மூன்று சான்றுகளிலும் பொதுவாய்ப் புலப்படுவது யாது? கருவியின் பின் ஒரு மனிதரேனும், மாணவர் அறிந்த மொழியேனும் நிற்கும்பொழுதே வாயில் பயன்தருகின்றது என்பதாம்.

அவை இல்லாதவிடத்து நேர்வது யாது என்பதற்கும் எம்மிடம் ஒரு சான்று உண்டு. எம்முடன் பயிலும் தோழர் ஒருவர் இராமநாதபுரக் கடற்கரைச் சிற்றூரினர்; அவர் தந்தையார் மீன்பிடித் தொழிலர். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை இறுதிநாள் மாலையில் நிரப்புதற்குத் தோழர் தியாகராய நகரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குச் சென்றார். எல்லாம் நிரப்பிய பின், ஓ.டி.பி. எண் வேண்டும் என்றது திரை. அவ்வெண் சென்றதோ தந்தையாரின் கைப்பேசிக்கு, தந்தையாரோ கடலின்மேல். சில நிமிடங்களில் அவ்வெண் காலாவதியாயிற்று. மீண்டும் மீண்டும் முயன்றும் பயனில்லை. நள்ளிரவில் வாயில் அடைபட்டது. மறுநாட் காலையிலேதான் படகு கரையேறிற்று. அவ்வாண்டுக் கட்டணத்திற்காக அவர்தம் தாயார் வளையல்களை அடகுவைத்தார்.

இதில் கருவியைமட்டும் பழித்தல் முறையன்று. யாம் மூவர் ஒருவாரம் முன்னரே எம் விண்ணப்பங்களை முடித்திருந்தோம். அவரை நோக்கி, “நீர் விண்ணப்பித்தீரோ?” என ஒருவரும் வினவினோமல்லோம். அவரும் ஆங்கிலத்தில் இருந்த அறிவிப்பை முற்றும் உணராமையை வெளியிட நாணினார்.

ஆதலின் மூன்று செயல்கள் வேண்டற்பாலன என்று கருதுகின்றோம். ஒன்று, உதவித்தொகை, கட்டணம், தேர்வு பற்றிய அறிவிப்புகள் இணையவாயிலில் தமிழிலும் வருதல். அவற்றின் தாட்படி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படுதல். இரண்டு, கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு மாணவரின் பதிவும் எக்கைப்பேசி எண்ணோடு இணைந்துள்ளது என்பதைச் சரிபார்த்தல். மூன்று, நூலகத்தில் ஒரு மேசையிட்டு, நாடோறும் ஒருமணி நேரம் மூத்த மாணவர் முறைவைத்து அமர்ந்து, புதியவர்க்குத் துணைசெய்தல்.

முன்னைய இரண்டும் கல்லூரியார் செய்யத்தக்கன. மூன்றாவதோ எம் கையிலேயே உள்ளது, பொருட்செலவும் வேண்டாதது. எனவே வரும் ஆண்டின் முதல் திங்கட்கிழமை தொடங்கி அம்மேசையில் அமர்வதற்கு யாம் மூவரும் பெயர் கொடுத்துள்ளோம். நான்காமவராகப் பெயர் கொடுத்திருப்பவர் அத்தோழரே. எந்நாளில் எச்சான்றிதழ் வேண்டும், எவ்விடத்தில் திரை தடைசெய்யும் என்பவற்றை எம்மினும் நன்கறிந்தவர் அவரன்றோ? இதனைப் படிக்கும் மாணவ நண்பர்கள் ஐந்தாமவராகவும் ஆறாமவராகவும் வந்து சேர்வார்களாக.