சீருடைக்குள் ஒளிந்து வரும் வைரசு

உயர்தர உயிரியலில் எச்.ஐ.வி. பற்றிப் படித்தபோது, வைரசு டி-உதவிக் கலங்களை அழிக்கிறது, நிர்ப்பீடனம் குறைகிறது, வேறு நோய்கள் தொற்றுகின்றன என்று குறிப்பெடுத்துக் கொப்பியை மூடிவிட்டேன். பிறகுதான் சிகிச்சை கிடைக்காத குழந்தைகளின் மூளையும் பாதிக்கப்படலாம் என்று வாசித்தேன். உட்காரப் பழகிய பிள்ளை உட்கார முடியாமல் போகும். பேசிய சொற்களை இழக்கும். தலை வளர்ச்சி பின்தங்கும். வேறெந்தக் கிருமியும் தொற்றாமலே இது நடக்கும் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது.

மூளையிலுள்ள குருதி மயிர்க்குழாய்களின் சுவர் மிக இறுக்கமானது. குருதியில் உள்ள எல்லாவற்றையும் உள்ளே விடாது. இதுவே குருதி-மூளைத் தடை. யுத்த காலத்தில் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போகும்போது இருந்த சோதனைச் சாவடியைப் பற்றி உம்மம்மா சொல்வா. எல்லோரையும் இறக்கிச் சோதிப்பார்களாம். சீருடை போட்டவர்களை மட்டும் ஒன்றும் கேட்கமாட்டார்களாம். எச்.ஐ.வி.யும் அப்படித்தான். தொற்றுக்குள்ளான வெண்குருதிக் கலங்களுக்குள் ஒளிந்துகொண்டே தடையைக் கடக்கிறது.

உள்ளே மூளைக்கென்றே காவல் கலங்கள் இருக்கின்றன. மைக்ரோக்ளியா என்பது அவற்றின் பெயர். கருவில் மூளை உருவாகும்போதே வந்து குடியேறி, இறந்த கலங்களைத் தின்று துப்புரவாக்குபவை. வைரசு இவற்றிலும், குருதிக் குழாய்களை ஒட்டியிருக்கும் பெருந்தின்கலங்களிலும் தங்குகிறது. நரம்புக் கலங்களையோ அது பெரும்பாலும் தொடுவதில்லை! ஆனால் தொற்றிய காவல் கலங்கள் வெளிவிடும் வைரசுப் புரதங்களும் அழற்சிப் பொருட்களும் பக்கத்திலுள்ள நரம்புக் கலங்களைச் சிதைக்கின்றன. பிள்ளையின் மூளை வளர்ந்துகொண்டிருப்பதால் சேதம் அதிகம்.

மைக்ரோக்ளியா நீண்ட காலம் வாழும். மருந்து வைரசு பெருகுவதை நிறுத்தினாலும், ஒளிந்திருப்பதை முழுதாக வெளியேற்றாது. அதனால் நேரம்தான் முக்கியம். தென்னாபிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. தொற்றுடன் பிறந்து 12 வாரம் தாண்டாத குழந்தைகளுக்கு உடனே மருந்து தொடங்கியபோது, காத்திருந்து தொடங்கியதைவிட இறப்பு 76 வீதம் குறைந்தது. உடனே தொடங்கிய பிள்ளைகளின் வளர்ச்சியும் பின்னர் மேலாக இருந்தது.

அதைவிட நல்லது, பிள்ளைக்குத் தொற்றாமலே காப்பது. தாய்க்குத் தொற்று இருப்பது கர்ப்பத்திலேயே தெரிந்து மருந்து எடுத்தால், பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு மிகச் சிறிதாகிவிடும். தாயிலிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் உறுதிப்படுத்தியது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கிளினிக்கில் இரத்தம் சோதிப்பதும் அதற்கு ஒரு காரணம்.

இதையெல்லாம் நான் வாசித்த நாட்களில்தான் சாச்சிக்கு மூன்றாம் மாதம். "எனக்கெதுக்கு இந்தச் சோதனை? ஆக்கள் கேள்விப்பட்டா என்ன நினைப்பாங்க?" என்று கிளினிக்குக்குப் போகத் தயங்கினா. எல்லோருக்கும்தான் எடுக்கிறார்கள், முடிவை வெளியில் சொல்லமாட்டார்கள் என்றேன். முகம் மாறவில்லை. பிறகு கொப்பியில் மூளையை வரைந்து, காவல் கலங்களைப் புள்ளி புள்ளியாகப் போட்டுக் காட்டினேன்.

"இதுக்குள்ள பூந்தா எத்தின வருசம் இருக்கும்?"

"கன வருசம், சாச்சி."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு எழும்பிப் போய், கிளினிக் அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தா.