தொலைவும் பொழுதும்

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு, ஏலமலைத் தொடர் கைக்கெட்டும் அண்மையில் இருப்பதுபோல் தோன்றும். மலைக்கு அப்பாலுள்ள மூணாறு, போடியிலிருந்து நூல் பிடித்தாற்போன்ற நேர்வழியில் ஏறத்தாழ 33 கிலோமீட்டரே. போடிமெட்டின் வளைவுகளில் ஏறி இறங்கும் பேருந்தோ, ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு தொலைவு ஓடியாக வேண்டும்.

மலை குறுக்கிடாத வானத்தில் இவ்விடர் இல்லை என எண்ணத் தோன்றும். சென்னையிலிருந்து இலண்டன் மாநகரின் ஹீத்ரு விமான நிலையத்துக்குச் செல்லும் வழியை நோக்குவோம். சுவரில் தொங்கும் நிலப்படத்தில் இவ்விரண்டையும் அளவுகோலால் இணைத்தால், அக்கோடு அரபிக்கடலையும் அரேபியாவையும் கடந்து செல்லும். அதுவே குறுக்குவழி என்று கொள்வது பிழை. பூகோள உருண்டையின்மீது ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பார்த்தால், நூல் வடக்கே ஒதுங்கிக் கட்சு, ஈரான், காஸ்பியன் கடல் ஆகியவற்றின் பக்கமாகச் செல்வது காணலாம். தட்டையான தாள் உருண்டையான நிலத்தை உள்ளவாறு காட்டமாட்டாது. நூல் காட்டும் தொலைவு ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். போர் நிகழும் நாடுகளின் வானை விலக்கிச் செல்ல நேரின் இது இன்னும் நீளும்.

மணிக்கு 900 கிலோமீட்டர் விரையும் விமானம் இதனை ஒன்பது மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாகக் கடத்தல் வேண்டும். எனினும் போவதற்கு 11 மணி நேரம் வரையிலும், மீள்வதற்கு 10 மணி நேரம் வரையிலும் ஆகின்றன. தரையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பெருங்காற்று, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலும் விரைவதுண்டு. போகும்போது அது எதிர்த்து நிற்கும். மீளும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும்.

இனிக் கடிகாரம் செய்யும் மாயத்தைக் காண்போம். மகனை இலண்டனுக்கு அனுப்பிய சிலமலைத் தாய் ஒருத்தி, அவன் காலை 6 மணிக்குச் சென்னையில் விமானம் ஏறினான் என அறிகிறாள். பகல் 11-30 மணிக்கு அங்கே இறங்குவான் என்று பயணச்சீட்டில் உள்ளது. ஐந்தரை மணி நேரப் பயணம் எனக் கணக்கிட்டு, நண்பகல் தொட்டு அவள் அவன் குரலுக்காகக் காத்திருக்கிறாள். பிற்பகல் நீண்டும் செய்தி இல்லை. பெற்ற மனம் என்ன பாடுபடும்! ஆயினும் தீங்கு ஏதுமில்லை. மகன் இன்னும் வானத்திலேதான் இருக்கிறான்.

நிலவுலகம் ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. இந்திய நேரம் கிழக்கு 82½ பாகைக் கோட்டைப் பற்றியது; இலண்டன் நேரம் சுழிப் பாகைக் கோட்டைப் பற்றியது. 82½-ஐப் பதினைந்தால் வகுத்தால் ஐந்தரை வரும். அவன் இறங்கும்போது அங்கே பகல் 11-30. சிலமலையில் மாலை 5 மணி. ஆகவே பயணம் 11 மணி நேரம். கோடையில் ஆங்கிலேயர் தம் கடிகாரத்தை ஒரு மணி முன் தள்ளி வைப்பர். அப்போது வேறுபாடு நாலரை மணியே. இதனை மறந்து பிழைபடுவோர் கற்றவருள்ளும் பலர்.

அவன் மீளுங்கால் இம்மாயம் தலைகீழாகும். குளிர்காலத்தில் இலண்டனில் பிற்பகல் 2 மணிக்கு ஏறுபவன், மறுநாள் விடியற்காலை 5-30 மணிக்குச் சென்னையில் இறங்குவான். கடிகாரம் காட்டுவது பதினைந்தரை மணி. உண்மையிற் கழிந்தது 10 மணி.

சென்னையிலிருந்து போடிக்கு 2023 ஜூன் மாதம் விரைவு இரயில் விடப்பட்டது. நேர்வழியில் 450 கிலோமீட்டர் அளவே உள்ள ஊருக்கு, அது சேலம், கரூர், மதுரை எனச் சுற்றி வந்து சேர ஏறத்தாழ 11 மணி நேரம் கொள்கிறது. இலண்டனிலிருந்து வந்த மகன், கடல்களையும் நாடுகளையும் கடந்த பொழுதினும் மிகுதியான பொழுதை இவ்விரயிலில் கழித்தே தன் தாயின் முகம் காண்பான்.