டர்போ எஞ்சினும் எரிபொருள் அழுத்தமும்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்), பழையசீவரம்

ஒரு சிறு துளை வழியே ஒரு நொடியில் பாயும் திரவத்தின் அளவு, அத்துளையின் இரு பக்கங்களிலும் உள்ள அழுத்தங்களின் வேறுபாட்டைப் பொறுத்தது; அவ்வேறுபாட்டின் வர்க்கமூலத்திற்கு அது நேர்விகிதத்தில் அமையும். இதனை நாம் வகுப்பில் படிக்கிறோம்; தேர்வில் எழுதுகிறோம்; பிறகு மறந்துவிடுகிறோம். இவ்வுண்மையை மறந்தால் ஒரு மோட்டார் கார் எஞ்சின் சில நொடிகளில் பாழாகிவிடக்கூடும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாலாற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரில் எல்லோரும் அறிந்த ஒரு காட்சியிலிருந்து தொடங்குவோம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் தெருக்குழாயில் வேகமாகக் கொட்டுகிறது. அதே தண்ணீர் மாடிவீட்டுக் குழாயில் மெல்லிய நூலாக வடிகிறது. தொட்டி ஒன்றுதான்; நீர்மட்டமும் ஒன்றுதான். தண்ணீர் வெளியேறும் இடம் உயர்ந்ததால் மட்ட வேறுபாடு குறைந்தது, ஓட்டமும் குறைந்தது. டர்போ எஞ்சினின் இன்ஜெக்டர், இந்த மாடிவீட்டுக் குழாயைப் போன்றது.

டர்போ சார்ஜர் புதிய கருவியன்று. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905 ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். வீணாக வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனுடன் இணைந்த மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவது இதன் வேலை. நம் வட்டாரத்திற்கும் இது அயலானதன்று. எங்கள் ஊரிலிருந்து வாலாஜாபாத் வழியாக வடக்கே சென்றால் ஸ்ரீபெரும்புதூரை அடையலாம். அதனை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 இல் கார்ப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 1998 முதல் அங்கே ஹூண்டாய் நிறுவனம் கார்களை உற்பத்தி செய்து வருகிறது. அந்நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வென்யூ காரின் ஒரு வகையில் 1 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் அமைந்தது.

இனி எரிபொருளைக் கவனிப்போம். இன்ஜெக்டர் உட்புகு குழாயில் பெட்ரோலைத் தெளிக்கும் வகை எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இவ்வகையில் பெரும்பாலும் எரிபொருளின் அடிப்படை அழுத்தம் 3 பார் ஆகும். உட்புகு குழாயில் வளிமண்டல அழுத்தம் மட்டும் இருக்கும்போது இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடும் 3 பார்தான். டர்போ 1 பார் அழுத்தத்தைக் கூட்டினால் அந்தக் குழாயின் காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. வேறுபாடு 2 பாராகக் குறைகிறது. இரண்டை மூன்றால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 0.82 கிடைக்கும். அதாவது, 100 பங்கு பெட்ரோல் செல்ல வேண்டிய இடத்தில் 82 பங்குதான் செல்லும்.

இதன் விளைவு என்ன? முழு வேகத்தில் இயங்கும் டர்போ எஞ்சினுக்கு ஏறத்தாழ 12 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் தேவை. மிகுதியான பெட்ரோல் உள்ளே வெப்பத்தைத் தணிக்கிறது. ஓட்டம் 82 விழுக்காடாகக் குறைந்தால் அந்த விகிதம் 14.7 ஆகிவிடும். மெதுவாகச் செல்லும்போது இது நல்ல விகிதமே. டர்போவின் முழு அழுத்தத்தில் இதுவே ஆபத்து. கலவை தானே வெடித்து நாக்கிங் ஏற்படும், வெப்பம் ஏறும், பிஸ்டன் உருகும்.

இத்தகைய பிஸ்டன் ஒன்றை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். என் தாய்மாமன் மெக்கானிக். டர்போ அழுத்தத்தை வேறோர் இடத்தில் கூட்டிக்கொண்ட ஒரு கார், பழுதாகி அவரிடம் வந்தது. பிஸ்டனின் தலையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. "என்னடா மாப்ள, வண்டி ஓடும்போதும் கேஜுல மூணு பார் ஆடாம நின்னுச்சுன்னு ஓனர் சொல்றாரு. அப்புறம் எப்படி உருகிச்சு?" என்று மாமா கேட்டார். முள் அசையாமல் நின்றதுதான் காரணம் என்றேன். உட்புகு குழாயிலிருந்து ரெகுலேட்டருக்குச் செல்லும் சிறு ரப்பர்க் குழாய் கழன்று கிடந்ததை இருவரும் கண்டோம்.

அந்தச் சிறு குழாயின் பணி பெரிது. உட்புகு குழாயின் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு எரிபொருள் அழுத்தத்தையும் ரெகுலேட்டர் ஏற்ற அது உதவுகிறது. எஞ்சின் நின்றிருக்க, பம்பு மட்டும் ஓடினால் கேஜ் 3 பார் காட்ட வேண்டும். ஐடிலிங்கில், உட்புகு குழாயில் 0.6 பார் வெற்றிடம் இருந்தால் 2.4 காட்ட வேண்டும். டர்போ 1 பார் தரும்போது 4 காட்ட வேண்டும். மூன்று நிலையிலும் வேறுபாடு 3 பார்தான். ஆகவே, முள் அசைவதே நலம்.

ஏறிக்கொண்டிருந்த முள் பாதியில் இறங்கத் தொடங்கினால் பம்பின் திறன் போதவில்லை, அல்லது வடிகட்டி அடைத்துள்ளது என்று பொருள். பம்பு எதிர்க்கும் அழுத்தம் ஏற ஏற அது தரும் அளவு குறையும். எனவே, புதிய பம்பை வாங்கும்போது உச்ச அழுத்தத்தில் எத்தனை லிட்டர் தரும் என்று கேட்டறிய வேண்டும். பம்பின் முனையிலேயே மின்னழுத்தத்தை அளப்பதும் அவசியம். மெல்லிய கம்பியில் அது குறைந்துவிடும். பம்பு அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தாலும் தொல்லையே. மிஞ்சிய பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பும் குழாய் சிறியதாக இருந்தால் ஐடிலிங்கில் அழுத்தம் இறங்காது.

பெரிய இன்ஜெக்டருக்குப் பதிலாக அழுத்தத்தை மட்டும் கூட்டினால் போதாதா என்று சிலர் கேட்பர். அழுத்த வேறுபாட்டை 3 இலிருந்து 4 பாராக்கினால் கிடைக்கும் கூடுதல் ஓட்டம் ஏறத்தாழ 15 விழுக்காடுதான். இரு மடங்கு ஓட்டம் வேண்டுமெனில் நான்கு மடங்கு, அதாவது 12 பார் வேண்டும். வர்க்கமூலம் இங்கே கஞ்சத்தனம் காட்டுகிறது!

சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் புதிய வகை எஞ்சின்களில் அழுத்தம் 100 பாருக்கும் மேல் செல்லும். அவற்றைக் கொட்டகையில் வைத்துச் சோதித்தல் கூடாது. எவ்வகையாயினும் அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே குழாயைக் கழற்ற வேண்டும். கார்புரேட்டருக்கு உரிய சாதாரண ரப்பர்க் குழாயை இங்கே பொருத்தினால் அது வெடித்துத் தீப்பற்றும். மேலும், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வேகம் விரும்புவோருக்குப் பொதுச்சாலை இடமன்று. பந்தயத் தடமே இடம்.

மாணவத் தோழர்களே! கருவி காட்டும் எண்ணைப் படிப்பது எளிது. அந்த எண் எந்த இரண்டின் வேறுபாட்டிலிருந்து பொருள் பெறுகிறது என்று கேட்பதே இயற்பியல். ஒரு கேஜும் ஒரு வர்க்கமூலமும் ஓர் எஞ்சினைக் காக்கும். அதனுள் அமர்ந்து செல்வோரையும் காக்கும்.